போனா, பாவித்த டிஎஸ்எல்ஆரா, வாடகைக் கெமராவா? மலையகத்தில் குறும்படம் எடுக்கக் கற்பவர்களுக்கு

பத்து நிமிடக் குறும்படத்துக்கு ஒரு கதை மனதில் இருக்கிறது. சீட்டு எடுத்த காசோ கொழும்பில் வேலை செய்கிற அண்ணன் அனுப்பிய காசோ கொஞ்சம் கையில் இருக்கிறது. இனி எதை வாங்குவது? ஹட்டனிலும் பண்டாரவளையிலும் நுவரெலியாவிலும் இதைக் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு யூடியூப் தருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான், புதிதாக வந்த மிரர்லெஸ்ஸை (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கெமரா) வாங்கு என்று. அந்த வீடியோவைப் போடுகிறவருக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் கெமராவை எந்த மூலையில் வைப்பது என்ற கவலை இல்லை, தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் என்ன ஆகும் என்ற கவலையும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கிறது. அதனால் நம்ம இடத்தை வைத்தே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்வதுதான் நோக்கம் என்றால் பாவித்த டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி உள்ள கெமரா) ஒன்று, அதுவும் வெளி மைக் குத்த இடம் உள்ளது. அடுத்த மாதமே ஒரு போட்டிக்குப் படம் கொடுக்க வேண்டும் என்றால் கையில் இருக்கிற போன், வேறு யோசனையே வேண்டாம். வாடகைக் கெமரா ஏற்கெனவே கெமரா பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் லாபம். விலைகளை ரூபாயில் எழுதப் போவதில்லை, டொலர் ஏறி இறங்குகிற வேகத்தில் இன்று எழுதுகிற தொகை அடுத்த மாதமே பிழைத்துப்போகும். பாவித்த பொருள் விற்கிற தளங்களில் ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தாலே எது என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

போனில் தொடங்கலாம், அது ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கிறதே. அதன் பெரிய பலம் அதை யாரும் கண்டுகொள்ளாதது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பெரிய கெமராவோடு போய் நின்று பாருங்கள். "டிவியில இருந்து வந்திருக்காங்க" என்று ஒருவர் சொல்ல, தராசுக்கு முன்னால் நிற்கிற அக்கா சேலையை இழுத்துச் சரிசெய்ய, அவர் இயல்பாக நின்ற அந்த நிலை போயே போய்விடும். கணக்கப்பிள்ளை வந்து "தம்பி, தொரைக்கிட்ட கேட்டீங்களா?" என்பார். (கேட்கத்தான் வேண்டும். மலையிலும் ஸ்டோரிலும், அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலும், போனில் எடுத்தாலும் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள், பிறகு வேலை செய்கிறவர்களுக்குத்தான் ஏச்சு விழும்.) போனோடு நின்றால் சனம் இரண்டு நிமிடத்தில் உங்களை மறந்துவிடும். நிஜமான ஆட்களை வைத்துப் படம் எடுக்கிறவருக்கு இது எந்த லென்ஸும் தராத வசதி. லெப்டொப் இல்லாத வீட்டில் எடுத்த போனிலேயே வெட்டி ஒட்டி முடிக்கலாம் என்பதும் சின்ன விஷயம் கிடையாது.

சிக்கல் என்னவென்றால் போன் எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறது. அடுப்படியில் அம்மா ஊதுகுழலை வைத்து ஊதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீ குப்பென்று எரிந்ததும் வெளிச்சம் கூடிவிட்டதாக நினைத்து போன் மொத்தக் காட்சியையும் இருட்டாக்கும், தீ அடங்கியதும் மறுபடி வெளிறச் செய்யும். முகம் ஒரு தரம் மஞ்சளாகவும் ஒரு தரம் நீலமாகவும் தெரியும். இதைத் தடுக்க எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) வைட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) பூட்டுகிற செயலி வேண்டும். பிளக்மேஜிக் கெமரா என்ற செயலி இலவசம், 2023 இல் ஐபோனுக்கும் 2024 இல் அண்ட்ரொய்டுக்கும் வந்தது. ஆனால் எல்லா அண்ட்ரொய்ட் போனிலும் ஓடாது, ஓடாதவர்கள் ஓபன் கெமராவைப் போட்டுப் பார்க்கலாம், அதுவும் இலவசம்தான்.

அப்புறம் லைட் மினுங்குவது. இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், ஆகவே டியூப் லைட்டும் மலிவான எல்ஈடி பல்பும் செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். நம் கண்ணுக்குத் தெரியாது, கெமராவுக்குத் தெரியும். போன்கள் வழக்கமாகச் செக்கனுக்கு 30 பிரேம் எடுக்கும், ஷட்டர் (ஒரு பிரேமுக்கு வெளிச்சம் விழுகிற நேரம்) 1/60 செக்கனில் நின்றுவிட்டால் சுவரில் பட்டை பட்டையாக அலை ஓடத் தொடங்கும். 25 பிரேம், 1/50 ஷட்டர் என்று பூட்டினால் அலை நின்றுவிடும். யூடியூப்பில் அமெரிக்கர் 30, 60 என்று சொல்வது அவர்கள் ஊர் 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு. நம்ம ஊரில் பல்பு வெளிச்சத்தில் எடுக்கும்போது 25, 50 என்பதை மனதில் வையுங்கள், எந்தக் கெமரா வாங்கினாலும் இதுதான் கணக்கு.

இதையெல்லாம் சரிசெய்து போனில் நல்ல படம் எடுக்கலாம், எடுக்கிறார்கள். ஆனால் நான் கேட்பது படம் எடுப்பதைப் பற்றி மட்டுமல்ல, கற்பதைப் பற்றியும். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துளை நிலையானது, திறக்கவோ மூடவோ முடியாது. அப்படியென்றால் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துகிற துளை, ஷட்டர், ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) என்ற மூன்றில் ஒன்றை நீங்கள் தொடவே போவதில்லை. பிம்பத்தைப் பதிகிற சென்சர் சின்னது, லென்ஸும் குட்டி, அதனால் முன்னால் நிற்பவரும் பின்னால் தொங்குகிற கலண்டரும் கிட்டத்தட்ட ஒரே தெளிவில் இருக்கும். பின்னணியை மங்கலாக்குகிற 'சினிமா' மோட் இருக்கிறது, ஆனால் அது மென்பொருள் செய்கிற வேலை, காற்றில் பறக்கிற தலைமுடியின் ஓரத்தில் அது படுகிற பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். பிரேம் வேகம் ஏறி இறங்குகிற கோப்புகள் என்று இன்னொரு தலைவலியும் உண்டு, தனியாகப் பதிந்த சத்தத்தைச் சேர்த்தால் ஐந்தாவது நிமிடத்தில் வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம் போகும். வேகத்தைப் பூட்டுகிற செயலியில் எடுத்தால் இது பெரும்பாலும் குறையும்.

சரி, டிஎஸ்எல்ஆருக்கு வருவோம். 2008 இல் வந்த நிக்கோன் டி90 தான் வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர், அதே ஆண்டு கெனன் 5டி மார்க் 2 முழு எச்டியில் எடுத்துக் காட்டியது. 2010 இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் ஒரு முழு அத்தியாயத்தையே அந்தக் கெமராவில் எடுத்தார்கள். பெரிய சினிமாக் கெமராவுக்கு மட்டுமே என்றிருந்த, பின்னணி மங்கிய பிம்பம் அன்றைக்குத்தான் சாதாரண ஆளின் கைக்கு வந்தது. இப்போது கம்பனிகள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன, கல்யாண ஸ்டூடியோக்களும் பின்னாலேயே மாறுகின்றன, அவர்கள் கழித்துவிடுகிற பழைய கெமராக்கள் சந்தைக்கு வருகின்றன. நமக்கு அதுதான் வாய்ப்பு.

எல்லாப் பழைய டிஎஸ்எல்ஆரும் உதவாது. விளம்பரத்தில் 'இரண்டு லென்ஸோடு, பேக்கோடு' என்று மலிவாகக் கிடைக்கிற கெனன் 1300டி, 2000டி, 4000டி போன்றவற்றில் வெளி மைக் குத்த இடமே இல்லை, திரையும் திரும்பாது. போட்டோவுக்கு நல்ல கெமராக்கள்தான், குறும்படத்துக்கு வாங்காதீர்கள். 2013 இல் வந்த 700டி இல் மைக் இடமும் திருப்பக்கூடிய திரையும் உண்டு. 2017 இன் 200டி இல் அந்த இரண்டோடு டுவல் பிக்சல் என்ற ஆட்டோ ஃபோகஸும் உண்டு, நடந்து வருகிற ஆளை அது ஒழுங்காகப் பின்தொடரும். 2016 இன் 80டி இல் ஹெட்போன் குத்தவும் இடம் இருக்கிறது, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பதியலாம், ஆனால் கனம் கூட, விலையும் கூட. விளம்பரத்தில் 'கிஸ் எக்ஸ்7ஐ' என்றோ 'ரெபெல் டி5ஐ' என்றோ கண்டால் பயப்பட வேண்டாம், அது ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்ற அதே 700டி தான், 'கிஸ் எக்ஸ்9' என்பது 200டி. நிக்கோனில் டி5300 மோசமில்லை, மைக் இடம், திரும்புகிற திரை எல்லாம் உண்டு, ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே லென்ஸ் துளையை மாற்ற அது விடாது, லைவ் வியூவை விட்டு வெளியே வந்து மாற்றிவிட்டுத் திரும்பப் போக வேண்டும். கற்கிற ஆளுக்கு அது எரிச்சல். நான் சொன்னால் 200டி, கிடைக்காவிட்டால் 700டி.

இந்த இடத்தில் பலர் கெமராவுக்கே காசு முழுவதையும் போட்டுவிட்டு லென்ஸ் என்றதும் "50 எம்எம் 1.8 எடுங்க, பின்னால நல்லா மங்கும்" என்று நண்பர் சொன்னதைக் கேட்கிறார்கள். நல்ல லென்ஸ்தான், விலையும் குறைவு. ஆனால் லயக் காம்பராவில் அளந்து பாருங்கள். சுவரோடு முதுகை ஒட்டி நின்றால் எதிரே இருக்கிறவருக்கும் உங்களுக்கும் நடுவில் எட்டு அடி கிடைத்தால் அதிகம். 700டி, 200டி போன்றவற்றின் சென்சர் ஏறக்குறைய 22 மில்லிமீற்றர் அகலம், எட்டு அடியில் 50 எம்எம் லென்ஸுக்குத் தெரிவது குறுக்கே மூன்றரை அடி, உயரத்தில் இரண்டு அடி. அதாவது ஒரு முகமும் நெஞ்சும். அம்மா ரொட்டி தட்டுகிறார், பக்கத்தில் பிள்ளை புத்தகத்தோடு இருக்கிறது, இருவரையும் ஒரே பிரேமில் காட்ட அந்த லென்ஸால் முடியாது. 24 எம்எம் என்றால் குறுக்கே ஏழு அடிக்கு மேல், உயரம் நான்கு அடி, தரையில் உட்கார்ந்திருக்கிற இருவரும் முழுதாக வருவார்கள். கெமராவோடு வருகிற 18-55 கிட் லென்ஸை 18 இல் வைத்தால் அறையே கிட்டத்தட்ட அடங்கிவிடும். ஆகவே கிட் லென்ஸைத் தள்ளிவிடாதீர்கள், வெளிச்சம் இருக்கும்போது உள்ளே எடுக்க அதுதான் உதவும். மேலே ஒன்று வாங்குவதானால் கெனனின் 24 எம்எம் எஃப் 2.8 (எஃப் எண் துளையின் அளவு, எண் குறைந்தால் துளை பெரிது), பிஸ்கட் அளவுக்குச் சின்ன லென்ஸ், மாலையில் அதுதான் கைகொடுக்கும். 50 ஐ வெளியே, நிரையில் நிற்கிற ஒருவரின் முகத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

மங்கல் பைத்தியத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதே எட்டு அடியில் 50 எம்எம்மை எஃப் 1.8 இல் திறந்தால் தெளிவாக இருக்கிற ஆழம் அரை அடி மட்டும்தான். ஊதுகுழலை எடுக்கக் குனிந்த அம்மாவின் முகம் ஒரு சாண் முன்னால் வந்தாலே மங்கிவிடும், அடுப்பு மட்டும் பளிச்சென்று இருக்கும். எஃப் 4 க்கு மூடினால் ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும், தொடங்குகிறவர்களுக்கு அதுதான் நிம்மதி. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை 1600 க்கு ஏற்றுங்கள், கொஞ்சம் புள்ளி விழும், பரவாயில்லை, மங்கிய முகத்தைவிடப் புள்ளி விழுந்த முகம் மேல். டிஎஸ்எல்ஆர் கற்பிக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான். துளையைத் திறந்தால் எதை இழக்கிறோம், ஐஎஸ்ஓவை ஏற்றினால் எதை இழக்கிறோம் என்று ஒவ்வொரு ஷொட்டிலும் அது நம்மையே முடிவெடுக்க வைக்கும். 200டி வாங்கினாலும் முதல் சில வாரம் ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பிப் பழகுங்கள், பிறகு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

வெளியே போனால் மலை தன் பங்குக்குப் பாடம் எடுக்கும். பனி மூட்டத்தில் கெமராவின் மீட்டரை நம்பினால் வெள்ளைப் பனி சாம்பலாகிவிடும், பார்க்கிற எல்லாமே நடுத்தரச் சாம்பல் என்றுதான் அது நினைக்கும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வையுங்கள். வெயிலில் நேர் எதிர்ப் பிரச்சினை. ஷட்டரை 1/50 இல் பூட்டியிருக்கிறோம், ஐஎஸ்ஓ 100, உச்சி வெயிலில் சரியான வெளிச்சத்துக்குத் துளை எஃப் 22 க்குப் போய்விடும், மங்கிய பின்னணியும் இல்லை, கூர்மையும் இல்லை. எஃப் 2.8 க்கு வர ஆறு படி குறைக்க வேண்டும், அதற்குப் பெயர் என்டி64 வடிகட்டி. லென்ஸின் முன்னால் திருகுகிற கறுப்புக் கண்ணாடி, விலை பெரிதில்லை, ஆனால் டவுன் கடைகளில் எப்போதும் இருக்காது, கெமரா வாங்குகிற அன்றே அதையும் சேர்த்துத் தேடுங்கள். திரையில் வெயில் பட்டால் ஒன்றும் தெரியாது என்பதும் டிஎஸ்எல்ஆரின் தொல்லை, வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலே மடங்கிவிடுவதால் வியூஃபைண்டர் இருண்டுவிடும், தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். பார்க்கிறவர்கள் ஆவி பிடிக்கிறீர்களா என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

ஈரமும் குளிரும் போனைவிட டிஎஸ்எல்ஆரைத்தான் கூடத் தாக்கும். நுவரெலியாக் குளிரில் விடியற்காலை எடுத்துவிட்டு அப்படியே அடுப்படிக்குள் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். வெளியிலேயே பேக்கில் போட்டு மூடி, உள்ளே வந்தபின் அரை மணி நேரம் திறக்காமல் வையுங்கள். மாதக்கணக்கில் அலுமாரியில் துணியோடு வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்தி வலைபோலப் பிடிக்கும், நம் பக்கத்தில் விற்பனைக்கு வருகிற பாவித்த லென்ஸ்களில் இது அடிக்கடி காணக்கூடியது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் போதும், பெட்டிக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 வீதம் வரை இருந்தால் நல்லது. பெட்டரி இரண்டாவது இருந்தே ஆக வேண்டும், திரையைத் திறந்துவைத்து வீடியோ எடுத்தால் ஒரு பெட்டரி ஒரு காலைப்பொழுதுக்குக்கூடக் காணாது, குளிரில் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

இனி சத்தம். நியாயமாகப் பார்த்தால் இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார், வசனம் விளங்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். தோட்டத்தில் அமைதி என்று நினைக்கிறோம், மைக்கை வைத்துக் கேட்டால்தான் தெரியும் ஸ்டோர் மோட்டார் இரைச்சல், பக்கத்துக் காம்பரா டிவி, கோயில் ஸ்பீக்கர், நாய் எல்லாம் எவ்வளவு கிட்ட இருக்கின்றன என்று. மழை வந்தால் தகரத்துக்குக் கீழே எந்த மைக்காலும் ஒன்றும் செய்ய முடியாது, அந்தக் காட்சியை வசனம் இல்லாமல் எழுதிக்கொள்வது புத்திசாலித்தனம். கெமராவுக்குள்ளேயே இருக்கிற மைக்கை டிஎஸ்எல்ஆரிலும் நம்பாதீர்கள், போனிலும் நம்பாதீர்கள். பொயா பிவை-எம்1 போல சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று, ஆறு மீற்றர் வயரோடு வரும், கெமராவுக்கும் போனுக்கும் மாற்றிக்கொள்ள அதிலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. இன்னும் மலிவான வழி, அந்த மைக்கைப் பழைய போன் ஒன்றில் குத்தி நடிக்கிறவரின் பையில் வைத்துப் பதிவதுதான். தொடக்கத்தில் கெமராவுக்கு முன்னால் ஒரு தரம் கையைத் தட்டச் சொன்னால் எடிட்டில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம். இப்படிப் பார்த்தால் டிஎஸ்எல்ஆர் வாங்கினாலும் போன் வேலையை விட்டுப் போவதில்லை, சத்தத்துக்குப் போன், படத்துக்குக் கெமரா.

மிரர்லெஸ் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. கெனன் ஆர்50, சொனி ஸீவி-ஈ10 இரண்டும் நல்ல கெமராக்கள், 4கே எடுக்கும், முகத்தை விடாமல் பிடிக்கும், எடை குறைவு. காசு தாராளமாக இருந்தால் வாங்குங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. தவணைக்குக் கடன்பட்டு வாங்குவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அப்படி வாங்கியவர் மாதாமாதம் கட்ட வேண்டுமே என்று கல்யாண ஓடருக்குப் போகத் தொடங்குவார், குறும்படம் பின்னால் போய்விடும். 4கே கோப்புகளை வெட்ட ஓரளவு பலமான கணினி வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும். பழைய கெனனின் முழு எச்டி கோப்புகளை ஒரு கார்ட் ரீடரும் ஓடிஜி வயரும் இருந்தால் போனிலேயே ஏற்றி வெட்டலாம். இன்னொரு விஷயம், இன்று வாங்குகிற கெனன் ஈஎஃப் லென்ஸ்கள் நாளைக்கு ஆர் வரிசை மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் ஓர் அடப்டரோடு வேலை செய்யும், ஆட்டோ ஃபோகஸும் போகாது. லென்ஸில் போட்ட காசு வீணாகாது.

வாடகைக்கு எடுப்பதைக் கணக்கில் பார்த்தால் மிக மலிவு. நடைமுறையில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது, அது ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து எடுக்கிற அக்காவும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் உங்கள் படத்தில் நடிக்க ஓய்வாக இருப்பது ஞாயிறோ போயா நாளோதான். கல்யாணமும் சடங்கும் கூடுதலாக நடப்பதும் அதே ஞாயிறுதான், ஸ்டூடியோவில் கெமரா சும்மா இருக்காது. சனிக்கிழமை இரவு "நாளைக்கு ஓடர் இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டால் நீங்கள் கூட்டிவைத்த பத்துப் பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கெமரா தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அங்கேயும் மழை குறுக்கே வரும். ஆடியில் தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் கொட்டும், பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் அப்போது காய்ந்துகிடக்கும். மார்கழியில் வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கம் திரும்பிவிடும், ஹட்டன் பக்கம் கொஞ்சம் தெளியும். ஆக ஊவாவில் இருக்கிறவர் ஆடியில் வாடகைக்கு எடுக்கலாம், ஹட்டன்காரர் மார்கழியில். இப்படித் திட்டமிட்டு எடுக்க ஏற்கெனவே கெமரா தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாடகை நாளில் பாதி மெனுவைத் தேடுவதிலேயே போய்விடும். வாடகைக் கெமராவில் படம் எடுக்கலாம், கற்க முடியாது. வேலை முடிந்து வந்து, சாயங்கால வெளிச்சம் போவதற்குள் தங்கச்சியை வாசலில் உட்காரவைத்து அரை மணி நேரம் எடுத்துப் பார்க்கிற பழக்கம் சொந்தக் கெமரா இருந்தால்தான் வரும், தேறுவதும் அதில்தான்.

கல்யாண ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து கற்பதைப் பலர் சொல்வார்கள். வேகம் வரும், அது உண்மை, தாலி கட்டுவதை இரண்டாவது தரம் கட்டச் சொல்ல முடியாது, ஆகவே கை தானாகச் சரியான பட்டனுக்குப் போகப் பழகும். லைட் பிடிக்கவும் மெமரி கார்டைத் தொலைக்காமல் வைத்திருக்கவும் கற்பீர்கள். ஆனால் கல்யாண வீடியோவில் சத்தத்துக்கு வேலை இல்லை, எல்லாவற்றுக்கும் மேலே பாட்டு ஓடும். வசனம் பதிவது, ஒரே காட்சியை மூன்று கோணத்தில் பிரித்து எடுப்பது, ஒருவர் பார்க்கிற திசையை அடுத்த ஷொட்டில் குழப்பாமல் வைப்பது இதெல்லாம் அங்கே வராது. எதை எடுத்தாலும் ஸ்லோ மோஷன், எங்கே போனாலும் கிம்பல் (கெமராவை ஆடாமல் பிடிக்கிற கருவி) என்ற பழக்கமும் ஒட்டிக்கொள்ளும், அதைக் கழற்றத் தனியாகப் பாடுபட வேண்டும். சொந்தக் கெமராவில் அடிப்படை தெரிந்தபிறகு ஒரு சீசன் போய்வந்தால் நல்லது, கைச்செலவுக்கும் ஆகும். கொழும்பில் நடக்கிற சனி ஞாயிறு வகுப்புகள் பற்றிக் கேட்பவர்களுக்கு, ஹட்டனிலிருந்து போய்வருகிற பஸ் காசையும் தங்குகிற செலவையும் கூட்டிப் பாருங்கள், அநேகமாக ஒரு லென்ஸ் வாங்கிவிடலாம்.

இதையெல்லாம் வைத்து யாருக்கு எது என்று கேட்டால், உயர்தரம் முடித்துவிட்டு இருக்கிற தனி ஆள், நேரம் இருக்கிறது, காசு குறைவு என்றால் 700டி, கிட் லென்ஸ், சட்டை மைக், உறுதியான முக்காலி ஒன்று. மொத்தக் காசில் பாதிக்கு மேல் கெமராவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உதவிக்கு ஆளே இல்லாமல் தானே நடித்துத் தானே எடுக்கிறவர் இன்னும் கொஞ்சம் சேர்த்து 200டி க்குப் போங்கள், ஃபோகஸ் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அந்த டுவல் பிக்சல்தான் உங்கள் உதவியாளர். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்த குழுவுக்கு 80டி யைக் கூட்டாக வாங்கலாம் என்று தோன்றும், ஆனால் கூட்டாக வாங்கிய கெமரா யார் வீட்டில் இருக்கும் என்பதை வாங்குவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள், பிறகு பேசினால் சண்டைதான்.

வாங்கப் போகிற அன்று இரவல் வாங்கியாவது ஒரு மைக், உங்கள் சொந்த மெமரி கார்ட், ஒரு டோர்ச் மூன்றையும் கொண்டுபோங்கள். லென்ஸைக் கழற்றி டோர்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள், வலைபோலத் தெரிந்தால் வேண்டாம். துளையை எஃப் 16 இல் வைத்து வெள்ளைச் சுவரைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கினால் சென்சரில் இருக்கிற தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும், தூசியைத் துடைக்கலாம், ஆனால் கீறல்போலத் தெரிவதற்கு விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள். ஷட்டர் எண்ணிக்கையைப் பெரிதாகச் சொல்வார்கள், அது போட்டோ எடுத்த கணக்கு, வீடியோவுக்கே ஓடிய கெமராவில் எண்ணிக்கை குறைவாக இருந்தும் சென்சர் மணிக்கணக்கில் சூடாகி வேலை செய்திருக்கும். மைக்கைக் குத்தி வயரை மெல்ல ஆட்டிக்கொண்டே ஐந்து நிமிடம் பதிந்து அங்கேயே திரும்பப் போட்டுக் கேளுங்கள், கரகரப்பு வந்தால் அந்த ஓட்டை தளர்ந்துவிட்டது. திரையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் அணைந்து அணைந்து வந்தால் உள்ளே இருக்கிற நாடா வயர் போகப்போகிறது. மெனுவில் வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC) என்று இருந்தால் பால் (PAL) என்று மாற்றி 25 பிரேம் வருகிறதா என்று உறுதிப்படுத்துங்கள். இவ்வளவையும் பார்க்க விடமாட்டேன், நேரமில்லை, இன்னொருவர் காசோடு வந்துகொண்டிருக்கிறார் என்று விற்கிறவர் அவசரப்படுத்தினால் அந்த இன்னொருவருக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.